கமலா வாசித்த பெயர்கள்

கீழ்வீட்டு நிவேதாவுக்கு இது ஆறாம் மாதம். திருநெல்வேலிப் பிள்ளை. இங்கே ஜெர்மனியில், பான் பல்கலைக்கழகத்தில் பாசியைப் பற்றி ஏதோ ஆராய்ச்சி செய்கிறாள். என்ன ஆராய்ச்சி என்று மூன்று முறை விளக்கினாள், நானும் மூன்று முறை தலையாட்டினேன். புளிக்கு ஆசை வரும்போதெல்லாம் படியேறி என் சமையலறைக்கு வந்துவிடுவாள். போன கிழமையும் அப்படித்தான். நான் இரசத்துக்கு மிளகு இடித்துக்கொண்டிருந்தேன். அவள் கதிரையில் சாய்ந்தபடி கைபேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்த இட்டாலியன் பேபி நேம்ஸ் எல்லாம் செம க்யூட்டா இருக்கு. இங்க டீச்சர்ஸுக்கும் சொல்ல ஈஸி, எங்கம்மா வாயிலயும் நுழையும். மீனிங் மட்டும் நல்லதா இருந்துட்டா போதும். இதப் பாருங்க, கியாரா, வெளிச்சம். லெத்தீசியா, சந்தோஷம். செரேனா, அமைதி. செரேனா எப்படிக்கா இருக்கு?"

இடித்த கை அப்படியே நின்றுவிட்டது. நல்ல பெயர் என்று சொன்னேன். அவள் கவனிக்கவில்லை, அடுத்த பெயருக்குப் போய்விட்டாள். அவள் போனபிறகு, உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டாந்தரமும் போட்டு, அன்றைக்கு எங்கள் வீட்டில் இரசம் என்று கடல்தண்ணீரைத்தான் குடித்தோம். அமைதி என்று பொருள்படும் ஒரு பெயரைக் கேட்டு நடுங்குகிறவளைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்களோ தெரியாது. சொல்லிவிடுகிறேன், நீங்களே யோசியுங்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. நாங்கள் ஹம் நகருக்கு வந்து மூன்று வருசம் ஆகியிருந்தது. அப்பா ஒரு தொழிற்சாலையில் இரும்புக் குழாய் வெட்டினார். அம்மாவுக்கு ஜெர்மனில் வணக்கமும் நன்றியும் எவ்வளவும் தெரியும். மிச்சமெல்லாம் நான். கடிதம் வந்தால் நான், யாராவது கதவைத் தட்டினால் நான், நகரசபைக்காரர் நேரம் குறித்துத் தெர்மின் தந்தால் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நான். எனக்கு அதில் பெரிய தலைக்கனம் இருந்தது. தெரிந்த சனம் "பிள்ளை, இந்த அன்ராக்கை ஒருக்காப் பார்" என்று படிவத்தை நீட்டினால், நான் மூக்குக்கண்ணாடி போடாத குறையாக, ஒரு வக்கீலைப்போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பாதி விளங்காது. விளங்கவில்லை என்று சொன்னதாக ஞாபகமில்லை.

தம்பி வயிற்றில் ஏழாம் மாதமாக இருந்தபோது, வழக்கமான சோதனைக்குப் போன அம்மாவை ஆஸ்பத்திரியிலேயே மறித்துவிட்டார்கள். பிள்ளை வளர்த்தி காணாது, அம்மா படுத்தே இருக்கவேண்டும். நல்லகாலமாக எனக்கு இலையுதிர்கால விடுமுறை. அப்பா காலையில் வேலைக்குப் போகும் வழியில் என்னை வார்ட்டில் இறக்கிவிடுவார், பின்னேரம் மெஷின் எண்ணெய் மணக்க வந்து கூட்டிப்போவார். பார்வையாளர் நேரம் முடிந்தாலும் தாதிமார் என்னைத் துரத்தவில்லை. நான் போனால் அம்மாவோடு யார் கதைப்பது? 'எங்கள் குட்டி மொழிபெயர்ப்பாளர்' என்று டொக்டர் என் தலையைத் தடவுவார். அந்தக் கையின் கிருமிநாசினி மணம் மத்தியானம் வரை என் தலைமயிரில் இருக்கும்.

அந்த வார்ட்டில் இன்னொரு மணமும் இருந்தது. சிவப்பாக, புளிப்பாக ஒரு பழத் தேத்தண்ணீர், காலையும் மாலையும் தருவார்கள். அம்மாவால் அதை வாயில் வைக்க ஏலாது. பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கும் ஏலாது. அவளுடைய தமக்கை வீட்டிலிருந்து கொண்டுவரும் பெருஞ்சீரகம் போட்ட பிஸ்கட்டை அம்மாவும், எங்கள் வீட்டுப் பிட்டை அவளும் சாப்பிடத் தொடங்கினார்கள். சிநேகிதம் அப்படித்தான் பிடித்தது.

அவள் பெயர் கார்மேலா. தகப்பன் தெற்கு இத்தாலியிலிருந்து இங்கே சுரங்கத்தில் நிலக்கரி வெட்ட வந்தவர். இவளும் சின்ன வயதிலேயே வந்துவிட்டதால் ஜெர்மன் இந்த ஊர்க்காரர் மாதிரியே பேசுவாள். அம்மாவுக்குக் கார்மேலா என்று வாயில் வரவில்லை. இரண்டாம் நாளே "கமலா" ஆக்கிவிட்டார். அவளும் கமலா என்றால் திரும்பிப் பார்த்தாள். முப்பத்திரண்டு வயதிருக்கும். அவளும் எழும்பக்கூடாது. கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தி, தலை பள்ளமாக இருக்கப் படுக்கவைத்திருந்தார்கள்.

அவளிடம் மஞ்சள் அட்டை போட்ட மெல்லிய புத்தகம் ஒன்று இருந்தது. இத்தாலியில் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்களும் அவற்றின் பொருளும். நேரம் போகாமல் அதைச் சத்தமாக வாசிப்பாள். பொருளை ஜெர்மனில் எனக்குச் சொல்வாள், நான் தமிழில் அம்மாவுக்குச் சொல்வேன். ஒரு பெயர் எங்கள் கட்டிலுக்கு வந்துசேர இரண்டு ஆறு கடக்கவேண்டும். அந்திரேயா என்றால் ஆண்பிள்ளை என்று அவள் சொன்னபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் வகுப்பில் இரட்டைப் பின்னலோடு ஒரு அந்திரேயா இருந்தாள். "எங்கள் ஊரில் அந்திரேயாவுக்கு மீசை இருக்கும்" என்றாள் கமலா. கலோஜெரோ என்று ஒரு பெயர், 'நல்ல கிழவர்' என்று பொருளாம். அதை நான் தமிழில் சொன்னதும் அம்மா, "ஐயோ, பிறக்கமுன்னமே கிழவனோ!" என்று சிரித்து, சிரிப்பு வயிற்றைக் குலுக்கிவிடுமோ என்று பயந்து இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அங்கே சிரிப்பதற்கும் பயப்படவேண்டியிருந்தது.

ஒருநாள் நான் கமலாவிடம் கேட்டேன், உங்கள் பிள்ளைக்கு என்ன பெயர் என்று. அவள் புத்தகத்தை மூடினாள்.

"என்னிடம் இருந்த பெயர்கள் முடிந்துவிட்டன. மகளுக்கு லெத்தீசியா, சந்தோசம். ஒருநாள் இருந்தாள். மகனுக்கு ஃபோர்த்துனாத்தோ, அதிர்ஷ்டக்காரன். அவன் அதுகூட இருக்கவில்லை. இந்த முறை வந்தபிறகு பார்ப்போம்."

"என்னவாம் கமலா?" என்று அம்மா கேட்டார்.

"ஒண்டுமில்லை அம்மா. பேர் இன்னும் யோசிக்கேல்லையாம்."

நான் தெரிந்துகொண்டே மாற்றிச் சொன்ன முதலாவது வசனம் அது. விளங்காமல் பிழை விட்டது வேறு. இது விளங்கி, நாக்கு நுனி வரை வந்ததைத் திரும்ப விழுங்கியது. எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் பயங்கரம். அம்மா என் வாயை மட்டுமே நம்பி இருந்தார். நான் சொல்வதுதான் அவருக்கு உலகத்தில் நடப்பது.

அடுத்த நாள் டொக்டர் வேறு இரண்டு பேரோடு வந்து கட்டிலடியில் நின்றார். வழக்கம்போலத் தலையைத் தடவவில்லை. மெதுவாக, எனக்கு விளங்கவேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நச்சுக்கொடி பிள்ளைக்குப் போதிய சாப்பாடு கொடுக்கவில்லை. பிள்ளை மிகவும் சின்னன். அசைவு குறைந்தால் ஒரு நிமிசமும் பார்க்காமல் மணியை அழுத்தவேண்டும். அப்படி நடந்தால் உடனே வெட்டி எடுக்கவேண்டி வரும். பிள்ளை தப்பாமலும் போகலாம். அம்மா இதைத் தெரிந்திருக்கவேண்டும். "சொல்லு" என்று என்னைப் பார்த்தார்.

எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கக்கூடாதா என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அம்மா தலையணையில் இருந்து தலையை உயர்த்தி என் முகத்தைப் பார்த்தார்.

"என்னவாம், குஞ்சு?"

"எல்லாம் நல்லமாம். படுத்திருக்கட்டாம்."

"வேறை?"

"பேரை யோசிச்சு வைக்கட்டாம்."

அம்மா டொக்டரைப் பார்த்துத் தலையசைத்து, தெரிந்த ஒரு சொல்லில் நன்றி சொன்னார். டொக்டர் திருப்தியோடு போனார். அம்மாவின் உடுப்பு அலுமாரிக்குப் பின்னால் போய் நின்று, எதையோ தேடுவதுபோல நடித்தேன்.

கமலா கூப்பிட்டாள். கட்டிலருகே போனேன். அவளுக்குத் தமிழ் தெரியாதுதான். ஆனால் டொக்டர் பேசிய நீளமும் நான் பேசிய நீளமும் தெரியாமல் போகுமா?

"நீ முழுவதும் சொல்லவில்லை."

நான் அவளுடைய கட்டில் கம்பியை நகத்தால் சுரண்டினேன்.

"நானும் உன்னைப்போல மூத்தவள். என் அப்பாவின் நெஞ்சு முழுக்கக் கரித்தூசி என்று டொக்டர் சொன்னதை நான்தான் என் அம்மாவுக்குச் சொல்லவேண்டியிருந்தது. பாதிதான் சொன்னேன். அம்மா அவரை வேலைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்." அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "இன்றைக்கே சொல்லிவிடு. மணியைப் பற்றியாவது சொல்லு."

பின்னேரம் அப்பா வருமுன் மறுபடி கேட்டாள். "சொன்னாயா?"

"சொல்லிவிட்டேன்" என்றேன். நான்காவதோ ஐந்தாவதோ பொய். எண்ணுவதை விட்டிருந்தேன்.

அடுத்தநாள் மழை. ஜன்னலில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கமலா புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்கு வந்திருந்தாள். நான் இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் இருந்த கதிரையில், கால் நிலத்தில் முட்டாமல் இருந்தேன். றெனாட்டோ, மறுபடி பிறந்தவன். றொமானோ, ரோமாபுரிக்காரன். சல்வத்தோரே, காப்பாற்றுகிறவர். நான் கிளிப்பிள்ளைபோல ஒப்புவித்துக்கொண்டிருந்தேன். அம்மா அரைக்கண் மூடியபடி, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"இண்டைக்கு இவன் சரியான அமைதி. நேற்று முழுக்க உதைச்சவன். களைச்சுப்போனான் போலை."

"செரேனா" என்று கமலா வாசித்தாள். "அமைதியானவள்."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. கதவுக்கு மேலே மணிக்கூடு பதினொன்று பத்தைக் காட்டியது. மணி அழுத்தும் பொத்தான் அம்மாவின் தலைமாட்டில், வெள்ளை வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் எழும்பி இரண்டடி வைத்தால் போதும்.

எழும்பவில்லை. அழுத்தினால் தாதி வருவாள். ஏன் என்று கேட்பாள். அசைவு குறைந்தால் சொல்லச் சொன்னோமே, எப்போது குறைந்தது என்று கேட்பாள். அம்மா என்னைப் பார்ப்பார். நேற்றுச் சொன்னது பொய், முந்தநாள் சொன்னது பொய் என்று எல்லாம் வெளியே வரும். அப்பா அறிவார். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது, அதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. நான் வாயைத் திறக்காதவரை எதுவும் நடக்காது என்று நம்பினேன். நான் தமிழில் சொன்னவைதானே எங்கள் வீட்டில் நடந்தவை? சொல்லாதது எப்படி நடக்கும்?

கமலா வாசித்துக்கொண்டே போனாள். சில்வியா, காட்டில் இருப்பவள். தெரேசா. தொம்மாசோ, இரட்டையரில் ஒருவன். உம்பெர்த்தோ. நான் அம்மாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். போர்வை மூச்சுக்கு மட்டும் ஏறி இறங்கியது. உதை, உதை என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். கோயிலில் கேட்பதுபோலக் கேட்டேன். வித்தோரியோ, வெற்றி. மணிக்கூடு பதினொன்று இருபத்தைந்தைக் காட்டியது.

"பிள்ளை அசையவில்லை" என்றேன். ஜெர்மனில், கமலாவுக்கு. "அம்மாவுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை."

கமலா என்னைத் திட்டவில்லை. தன்னுடைய மணியை அழுத்தினாள். அழுத்திய விரலை எடுக்காமலே, எழும்பக்கூடாத அந்தப் பெண் முழங்கையில் எழும்பி, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

பிறகு எல்லாம் காலடிச் சத்தம். அம்மாவின் வயிற்றில் இதயத்துடிப்புக் கேட்கும் மெஷினின் பட்டியைக் கட்டினார்கள். முந்திய நாட்களில் அந்த மெஷினில் தம்பியின் இதயம் குதிரை ஓடுவதுபோலக் கேட்கும். இப்போது நொண்டிக் குதிரை. ஒரு அடி, பெரிய இடைவெளி, ஒரு அடி. டொக்டர் ஒரு தாளோடு ஓடிவந்து என் தோளைப் பிடித்து, "நான் சொல்வதை அப்படியே சொல்" என்றார்.

சொன்னேன். அப்படியே சொன்னேன்.

"அம்மா, பிள்ளைக்கு இதயம் சரியா அடிக்கேல்லையாம். இப்பவே வெட்டி எடுக்கவேணுமாம். பிள்ளை தப்பாமலும் போகலாமாம். உங்களுக்கும் ரத்தம் போகுமாம். ஓம் எண்டால் இதிலை கையெழுத்து வைக்கட்டாம்."

அம்மா என்னை ஒரு கணம் பார்த்தார். அவ்வளவுதான். பேனையை வாங்கினார். "எந்த இடத்திலை, குஞ்சு?" என்று கேட்டார். நான் கோட்டைக் காட்டினேன். கட்டிலோடு தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டில் இருந்த இடத்தில் வெறும் நிலம். ஒரு செருப்பு மட்டும் கிடந்தது.

கமலா புத்தகத்தை என்னிடம் நீட்டி, "முதலில் இருந்து நீ வாசி" என்றாள். நான் பிழை பிழையாக வாசித்தேன். அவள் ஒவ்வொன்றாகத் திருத்தினாள். என்னை அழவிடாமல் இருக்கத்தான் திருத்துகிறாள் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், கண்ணீர் அவள் காதுப்பக்கமாக வழிந்து தலையணை நனைந்திருந்தது. அவள் அந்தத் தள்ளுகட்டிலில் இரண்டுமுறை போனவள்.

தம்பி பிழைத்தான். ஒரு கிலோ முந்நூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வயர்களும் குழாய்களுமாக, அப்பாவின் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தான். நாலாம் நாள் தாதி பெயரைக் கேட்டாள். பெட்டியில் வெறுமனே 'ஆண்பிள்ளை' என்று எழுதியிருந்தது. அம்மா என்னைப் பார்த்து, "கமலா வாசிச்சதுகளிலை நல்லதா ஒண்டு சொல்லு" என்றார். நான் றெனாட்டோ என்றேன். பொருளையும் சொன்னேன். "சனம் சிரிக்கும்" என்றார் அப்பா. "அப்ப றெனாதன் எண்டு கூப்பிடுவம்" என்றார் அம்மா. பத்திரத்தில் றெனாட்டோ, வீட்டில் றெனாதன். மறு வருசம் ஹம்மில் இருக்கும் ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்ட ஐயர், "ரேணுநாதனோ?" என்றார். பின்னால் சனம் நெருக்கியது. அப்பா "ஓம் ஐயா" என்று சொல்லிவிட்டார். இல்லாத ஒரு பிள்ளையின் பெயரில் அர்ச்சனை நடந்தது. அம்மனுக்கு ஆளைத் தெரிந்திருக்கும் என்று வீட்டுக்கு வந்து சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

தம்பி இடது காலை இழுத்து இழுத்து நடப்பான். குறைமாதத்தில் பிறந்த சில பிள்ளைகளுக்கு அப்படி வரும் என்று டொக்டர்மார் சொன்னார்கள். நச்சுக்கொடியாலும் இருக்கலாம் என்றார்கள். பதினொன்று பத்திலிருந்து இருபத்தைந்து வரை என்ன நடந்தது என்று எவரும் கேட்கவில்லை. அவன் இப்போது கண்ணாடிக்கடையில் வேலை செய்கிறான். அந்தக் காலைப் பற்றி அவனே பகிடி விடுவான். அவன் படி இறங்கும்போது மட்டும் நான் பார்க்கமாட்டேன்.

கமலாவை நாங்கள் மறுபடி காணவில்லை. தம்பி பிறந்த மறுகிழமை அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். நான் போனபோது கட்டிலில் புது விரிப்பு. நெடுங்காலம் நான் மிக மோசமானதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருசம் கழித்து, அப்பாவோடு வேலை செய்த ஒரு இத்தாலிக்காரர் மூலம் செய்தி வந்தது. பெண்பிள்ளை, சுகம், குடும்பத்தோடு ஊருக்கே திரும்பிவிட்டார்கள். "என்ன பேர் வைச்சவையாம்?" என்று அம்மா பாய்ந்து கேட்டார். அப்பா விழித்தார். ஆம்பிளைகளுக்கு அதைக் கேட்கத் தோன்றாது.

அம்மாவிடம் பாதியைச் சொல்லிவிட்டேன். தம்பிக்குப் பதினெட்டு முடிந்த அன்று, கேக் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போது. டொக்டர் சொன்னதை நான் மறைத்தேன் என்று சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் அம்மா. "அந்தாள் எவ்வளவு நேரம் கதைச்சவர்? நீ ரெண்டு சொல்லிலை முடிச்சிட்டாய்."

"தெரிஞ்சால் ஏன் திருப்பிக் கேக்கேல்லை?"

"உன்ரை முகத்தைப் பாத்தனான். கேட்டால் நீ சொல்லிப்போடுவாய் எண்டு பயமா இருந்துது."

அந்தக் கால் மணித்தியாலத்தைச் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஆஸ்பத்திரியில் இப்போது பிள்ளைப்பேறு பார்ப்பதில்லை. அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். வேறு ஆஸ்பத்திரிகளில், பாஷை தெரியாத தாய்மாருக்குத் திரையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வருகிறார். பத்து வயதுப் பிள்ளையிடம் எவரும் தாளை நீட்டுவதில்லை. நல்லது. மிக நல்லது. எங்கள் வீட்டில் அந்த வேலை அதற்கு முன்னமே இல்லாமல் போய்விட்டது. அம்மா ஐம்பதை நெருங்கும்போது முதியோர் பராமரிப்பில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி படித்து, பரீட்சை எழுதிப் பாஸாகி, பதினாறு வருசம் வேலை செய்து ஓய்வெடுத்துவிட்டார். கிழவர்களோடு பழகிய ஜெர்மன், என்னுடையதை விட வேகம்.

போன மாதம் ஹம்மில் அம்மாவுக்கு ஒரு சிறப்பு டொக்டரிடம் தெர்மின். என்ன விசயம் என்று கேட்டால், "சும்மா ஒரு செக்" என்றார். நான் லீவு போட்டு, பானிலிருந்து ரயில் பிடித்துப் போனேன். பெயரைக் கூப்பிட்டதும் நானும் எழும்பினேன்.

"நீ இரு பிள்ளை" என்றார் அம்மா. "நான் கதைச்சிட்டு வாறன்."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே டொக்டர் நெடுநேரம் பேசினார். அம்மா ஏதோ கேட்டார். டொக்டர் மறுபடியும் பேசினார். நான் வெளியே, மடியில் அம்மாவின் கோட்டை வைத்துக்கொண்டு கதிரை நுனியில் இருந்தேன். தடித்த கதவு. இரண்டு குரல்கள்தான் வந்தன, ஒரு சொல்லும் வரவில்லை.